நைனாவின் பூண்டு பாட்டில்

மயிலாப்பூர்,
9.6.2024

அன்புள்ள தம்பி பாபுவுக்கு,

அக்கா அன்புச்செல்வி எழுதிக்கொள்வது. நானும் நைனாவும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூக்கம் வருகிறதா?

பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதற்குப் பிறகு இப்போதுதான் பேனா பிடிக்கிறேன். பாலவாக்கத்துக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான். ஆனாலும் ஆறு மாதத்துக்கு போன் கிடையாது, நேரில் பார்க்க முடியாது, மாதம் இரண்டு கடிதம் எழுதலாம் என்று உன் மறுவாழ்வு இல்லத்தில் சொல்லிவிட்டார்கள். அதையும் கவுன்சிலர் ஜமீலுன்னிசா மேடம் படித்துவிட்டுத்தான் உன்னிடம் தருவார்களாம். படிக்கட்டும். நம் வீட்டு மானம் தெருவுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது.

தி.நகர் ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டேன். பத்து மணி நேரம் நின்று நின்று கால் நரம்பெல்லாம் கயிறு மாதிரி புடைத்துவிட்டது. பக்கத்து வீட்டு நிஷா தரமணியில் ஒரு ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருக்கிறாள் அல்லவா, அங்கே பிள்ளைகள் மதியம் சோற்றை விட்டுவிட்டு வெள்ளரிக்காய் சாலட் வாங்கித் தின்கிறார்களாம், பூண்டும் காரமுமாக. போனில் படம் காட்டினாள். நீ சைனீஸ் ஹோட்டலில் தட்டுத் தட்டாகப் போட்டு அனுப்பிய அதே பதார்த்தம். செய்து கொடுத்தால் விற்றுத் தருகிறேன் என்கிறாள். எப்படிச் செய்வது என்று விவரமாக எழுது.

நைனாவிடம் சொன்னேன். "வெள்ளரிக்காவ நசுக்கி வித்தா எவன் வாங்குவான்? அந்தப் பேமானிகிட்ட கேட்டுத்தான் நாம பொழைக்கணுமா இன்னா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கை நடுக்கம் நின்னுச்சான்னு கேளு" என்றார். கேட்டுவிட்டேன்.

காய்க் கூடையைச் சமையல் மேடைக்குப் பக்கத்தில் காலியாகக் கிடக்கும் மூலையில் வைக்கப்போகிறேன். அங்கே முன்பு என்ன இருந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அக்கா அன்பு

பாலவாக்கம்,
20.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி டில்லிபாபு வணக்கத்துடன் எழுதுவது. நீயும் நைனாவும் நன்றாக இருக்க முண்டகக்கண்ணியம்மனை வேண்டிக்கொள்கிறேன். நடுக்கம் பாதி நின்றிருக்கிறது என்று நைனாவிடம் சொல். டம்ளரை ஒரு கையால் பிடிக்கிறேன்.

சாலட்டுக்கு வருகிறேன். காயைக் கத்தியால் நறுக்கக் கூடாது. தண்ணித்துறை மார்க்கெட்டுக்குக் காலையிலேயே போய்ப் பிஞ்சு வெள்ளரியாகப் பொறுக்கு. பூரிக்கட்டையால் ஓங்கி ஒரு போடு போடு. தானாக வெடிக்கும். அந்த வெடிப்பில்தான் காரம் ஏறும். கையால் பிய்த்து, உப்புப் போட்டு, வடிதட்டில் இருபது நிமிஷம் வை. விடுகிற தண்ணீரைக் கொட்டிவிடு. சோம்பல்பட்டுக் கொட்டாமல் விட்டால் டப்பா தரமணி போய்ச் சேர்வதற்குள் சாலட் சாம்பார் ஆகிவிடும். பிறகு சோயா சாஸ், வினிகர், ஒரு சிட்டிகை சர்க்கரை, வறுத்த எள்.

இதன் உயிர் பூண்டு எண்ணெயில் இருக்கிறது. பூண்டை நசுக்கி, கொரகொரப்பாகப் பொடித்த குண்டூர் மிளகாயோடு கிண்ணத்தில் போடு. எண்ணெயைப் புகை கிளம்பும் முன் இறக்கி மேலே ஊற்று. சுர்ரென்று சத்தம் வர வேண்டும். பூண்டு கருகக் கூடாது, வெள்ளையாகவே வேக வேண்டும். ஆறியதும் கண்ணாடி பாட்டிலில் எடுத்து வை. ஒரு டப்பாவுக்கு ஒரு ஸ்பூன்.

இதற்குக் கீழே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். கண்டுகொள்ளாதே.

சாப்பிட்டுவிட்டு நைனா என்ன சொன்னார் என்று எழுது. அவர் திட்டினாலும் அப்படியே எழுது.

இப்படிக்கு,
தம்பி பாபு

மயிலாப்பூர்,
7.7.2024

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இருவரும் நலம். உன் நலம் பற்றி எழுது. உன் கடிதத்தை நைனாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். இனி வரும் ஒவ்வொன்றையும் வாசிக்க வேண்டுமாம். அவருக்கு அக்கறை இல்லையாம், பொழுது போகவில்லையாம்.

முதல் நாள் பூரிக்கட்டையால் அடித்த அடியில் கீழ்வீட்டுக்காரி ஓடி வந்துவிட்டாள், நீ திரும்பி வந்து நைனாவோடு சண்டை போடுகிறாய் என்று நினைத்து. இரண்டாம் நாள் பூண்டு கருகிவிட்டது. மூன்றாம் நாள் சரியாக வந்தது. பத்து டப்பா கொடுத்தேன். நிஷா பத்தும் காலி என்று வந்து நின்றாள்.

நைனா சாலட்டைத் தொடவில்லை. பல் இல்லாத வாயால் வெள்ளரிக்காயை என்ன செய்வார்? ஆனால் எண்ணெயின் அடியில் கிடந்த பூண்டை எடுத்து இட்லியில் வைத்துக் கொடுத்தேன். மெத்தென்று கரைகிறதாம். "பரவால்ல, பேமானிக்குக் கைமணம் கீது" என்றார். பாபு, ஒரு வருஷத்தில் உன்னைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை இது. அதனால் அவருக்கென்று முழுப் பூண்டாகப் போட்டு ஒரு பாட்டில் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

அந்த அடித்த வரியில் என்ன இருந்தது? லைட்டில் பிடித்துப் பார்த்தேன், தெரியவில்லை. நைனாவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

இப்படிக்கு,
அக்கா

பாலவாக்கம்,
19.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இன்றோடு நாற்பத்தொன்பது நாள் ஆகிறது. இங்கே சமையல்கட்டில் உதவி செய்ய விட்டிருக்கிறார்கள். கத்தி மட்டும் தருவதில்லை.

கைமணம் கீது என்று நைனா சொன்ன இடத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எழுதினால் சிரிப்பாய். இங்கிருந்து போனதும் அவர் முன்னால் போய் நிற்க வேண்டும். அவர் திட்டி முடிக்கும் வரை நின்று கேட்க வேண்டும். போன வருஷம் என் முகத்தைப் பார்த்து, "நீ என் பாடைய தூக்க வராதே" என்றார். அதை அவர் திரும்ப எடுத்துக்கொண்டால் போதும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அடித்த வரி ஒன்றுமில்லை. பூண்டு எண்ணெயை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து சீக்கிரம் தீர்த்துவிடு. புதிதாக இருந்தால்தான் ருசி.

இப்படிக்கு,
பாபு

மயிலாப்பூர்,
11.8.2024

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நாற்பது டப்பா வரை போகிறது. விடிந்தால் மார்க்கெட், பிறகு அடி, உப்பு, வடி. பத்து மணிக்குள் பையைத் தூக்கிக்கொண்டு மந்தைவெளி ஸ்டேஷனுக்கு ஓடுகிறேன். கால் வலி இல்லை. நாற்பது வயதில் முதல் முறையாக எனக்கு ஒருத்தரும் முதலாளி இல்லை. இதற்கு நீதான் காரணம் என்று எழுத எனக்கே எரிச்சலாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

விற்கிற எண்ணெய் மூன்று நாள்கூட நிற்பதில்லை, அவ்வளவு வேகமாகத் தீருகிறது. நைனா பாட்டில் மட்டும்தான் நிதானமாகப் போகிறது. சீக்கிரம் தீர்க்கச் சொல்லி எனக்குப் பாடம் நடத்தாதே, இது ஊறுகாய் போட்டுப் பழகிய கை. நைனா மேலாகத்தான் எடுக்கிறார், அடியில் இருப்பது ஊறட்டும், தீபாவளிக்கு ஆகும் என்கிறார்.

போன வாரம் பாலு வந்தான். சித்தப்பா மகனாயிற்றே என்று நைனா அவனிடம் பெருமையாகச் சொல்கிறார்: "எம் பையன் எழுத்துல சொல்லிக் குடுத்து இவ செய்யிறா." எம் பையன் என்றார். நீ கேட்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

இப்படிக்கு,
அக்கா

பாலவாக்கம்,
23.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

குடியால் செய்த தப்புகளை எல்லாம் எழுதச் சொல்லி மேடம் ஒரு நோட்டுக் கொடுத்தார்கள். பதினாறு எழுதினேன். அம்மாவின் கம்மல், உன் வளையல், நைனாவை வாசலில் தள்ளிவிட்டது எல்லாம் இருக்கிறது. பதினேழாவதை எழுதக் கை வரவில்லை. அது எது என்று உனக்குத் தெரியும். அந்தக் காலி மூலை. அடுத்த கடிதத்தில் அதைப் பற்றியும் இன்னொரு விஷயம் பற்றியும் கட்டாயம் எழுதுகிறேன். இந்த முறை விட்டுவிடு.

எம் பையன் என்று அவர் சொன்னதைப் படித்த பிறகு அவர் காதில் விழும்படி அதை எழுத மனம் வரவில்லை.

இப்படிக்கு,
பாபு

மயிலாப்பூர்,
29.9.2024

அன்புள்ள தம்பிக்கு,

நலம். கடிதம் தாமதமானதற்குக் கோபிக்காதே. நீ எழுதிய இரண்டும் வந்தன. வேலை அதிகம்.

நைனா உன்னை மிகவும் விசாரித்தார். "என் கண்ணு, நல்லபடியா வந்து சேரட்டும், அவன் மேல எனக்கு எந்தக் கோபமும் இல்லை" என்று சொல்லச் சொன்னார். நீ ஆறு மாதமும் முடித்துவிட்டு வர வேண்டும், நடுவில் கிளம்பக் கூடாது என்பது அவர் ஆசை. அதை நிறைவேற்று.

நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அக்கா

பாலவாக்கம்,
6.10.2024

அக்கா,

நீங்கள் நலமா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

ஏழு வாரம் கடிதம் இல்லை. வந்த கடிதத்தில் பத்து வரிதான். வெள்ளரிக்காய் இல்லை, நிஷா இல்லை, என் மேல் எரிச்சல்கூட இல்லை. நைனா என்னைக் கண்ணு என்று கூப்பிட்டதாக எழுதியிருக்கிறாய். பிறந்ததிலிருந்து அவர் என்னைப் பேமானி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். டைபாய்டில் நான் சாகக் கிடந்தபோதுகூட, "பேமானி, கண்ண தொற" என்றுதான் அழுதார். இந்தக் கண்ணு யார் வீட்டு வார்த்தை, அக்கா?

மேடத்திடம் கேட்டால், அக்காவைக் கேள் என்கிறார்கள். அவர்கள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அடுத்த கடிதத்தின் அடியில் நைனாவைக் கையெழுத்துப் போடச் சொல். முடியாவிட்டால் கைநாட்டு. அது இல்லாமல் வந்தால் அன்றைக்கே சுவர் ஏறிக் குதித்து வந்துவிடுவேன்.

பாபு

மயிலாப்பூர்,
20.10.2024

தம்பி பாபுவுக்கு,

நைனா இல்லை. செப்டம்பர் எட்டாம் தேதி காலையில் போய்விட்டார். உட்கார்ந்து படி. முழுவதும் படித்துவிட்டு எழுந்திரு.

ஆகஸ்டு முப்பதாம் தேதி எழுந்தவர், "அன்பு, நீ ரெண்டா தெரியிறே" என்றார். பார்த்தால் இரண்டு கண்ணின் இமையும் தொங்குகிறது. "பையனுக்குப் பதிலா நீ குடிச்சியா?" என்று நான் கிண்டல் செய்தேன். அவரும் சிரிக்கப் பார்த்தார். மதியம் நாக்கு குழறியது. தண்ணீர் உள்ளே இறங்காமல் மூக்கில் வந்தது. சாயங்காலம் இரண்டு கையையும் தூக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பக்கவாதமாக இருக்கும் என்றார்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை, வயதாகிவிட்டதே என்றார்கள். பிறகு மூச்சுக்குக் குழாய் போட்டார்கள். ஒன்பது நாளும் அவருக்கு நினைவு இருந்தது, பாபு. நான் பேசினால் விரலை அசைத்தார். பாபு வருகிறான் என்று சொன்னபோதும் அசைத்தார்.

சாவுக்கு உன்னை ஆள் துணையோடு அனுப்புகிறேன் என்று மேடம் மூன்று முறை போன் செய்தார்கள். வேண்டாம் என்று சொன்னவள் நான். பாலுவும் அவன் சிநேகிதர்களும் பந்தலுக்குப் பின்னால் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். மேளம் அடித்தவர் முதல் பூ இறைத்தவர் வரை கையில் கிளாஸ் இருந்தது. அந்த இடத்துக்கு உன்னை எப்படிக் கூப்பிடுவேன்? நைனாவும் போய் நீயும் போனால் எனக்கு யார் இருக்கிறார்கள்? பாலு கொள்ளி வைத்தான். உன் உரிமையை நான் பிடுங்கிவிட்டேன். பிறகு நைனா சொன்னதாக எழுதியதெல்லாம் என் வார்த்தை. எனக்குத் தெரிந்த நல்ல வார்த்தையைப் போட்டேன்.

ஒரே ஆறுதல், படுக்கையில் விழுவதற்கு முந்தின இரவுகூட உன் பூண்டு கேட்டு வாங்கித் தின்றார். அன்றுதான் அடிப்பூண்டைத் தொட்டோம், ஜூலையில் போட்டது. எண்ணெய் மேலே நின்றதால் நிறம் மாறவில்லை, வாசனையும் மாறவில்லை. கால் பாட்டில் மிச்சம் இருக்கிறது. கொட்ட மனம் வராமல் அவர் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு இட்லி சுட்டு, அவர் நினைவாக நான் அதைத் தொட்டுச் சாப்பிடப்போகிறேன்.

சுவர் ஏறாதே.

அக்கா

பாலவாக்கம்,
24.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் கேட்டுக்கொண்டதால் மேடம் நேற்று உன்னிடம் போனில் பேசியதையும், நீ அந்த பாட்டிலை மூடியோடு குப்பையில் போட்டுவிட்டதையும் சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். காரணத்தை நீங்கள் சொல்லாதீர்கள், நான் எழுதுகிறேன் என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டேன்.

நைனாவுக்கு வந்தது பக்கவாதமாக எனக்குத் தோன்றவில்லை. பக்கவாதம் பெரும்பாலும் ஒரு பக்கத்தை இழுக்கும். இரண்டு இமையும் தொங்கி, எல்லாம் இரண்டாகத் தெரிந்து, நினைவு மட்டும் தெளிவாக இருந்தால் அது வேறு. ஹோட்டலில் சேர்ந்த புதிதில் எங்களுக்கு ஒரு நாள் வகுப்பு எடுத்தார்கள். எண்ணெயில் மூழ்கிய பூண்டை வெளியே வைத்தால் காற்று இல்லாத அந்த இடத்தில் ஒரு விஷம் உண்டாகும், நாக்குக்கும் மூக்குக்கும் தெரியாது என்று சொல்லி, இமை தொங்கிய ஒருவரின் படத்தைக் காட்டினார்கள். ஊறுகாயைப் புளிப்பும் உப்பும் காக்கும். வெறும் எண்ணெயில் கிடக்கும் பூண்டுக்கு அந்தக் காவல் இல்லை. சூடான எண்ணெயை ஊற்றினாலும் அந்த விஷத்தை உண்டாக்கும் கிருமி சாகாது.

நான் அடித்த வரி இதுதான்: ஃப்ரிட்ஜில் வை, நாலு நாளில் தீர்க்காவிட்டால் கொட்டிவிடு.

ஃப்ரிட்ஜ் என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. போன வருஷம் ஆடி மாதம் நீங்கள் கோயிலுக்குப் போயிருந்தபோது ஆட்டோவில் ஏற்றி அதை விற்றுக் குடித்தவன் நான். நீ காலி மூலையைக் குத்திக்காட்டி எழுதியிருந்தாய். அந்த வார்த்தையை நைனாவுக்கு வாசித்துக் காட்டுவாய், அவர் ஆரம்பித்துவிடுவார் என்று பயந்து அடித்தேன். வேறு மாதிரி எழுதியிருக்கலாம். தினம் செய், மிச்சத்தைக் கொட்டு, விஷமாகும் என்று எழுதியிருக்கலாம். ருசி என்று எழுதினேன். ஊறட்டும் என்று நீ எழுதியதைப் படித்தபோது எனக்குப் புரிந்தது, அக்கா. அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன் என்றேன். அதற்கு ஒரு வாரத்தில் அவர் விழுந்துவிட்டார். பிறகு நான் எழுதிய கடிதத்திலும் அது இல்லை.

இதைச் சொல்லாமல் விட்டால் நீ பக்கவாதம் என்றே நம்பி நிம்மதியாக இருந்திருப்பாய். ஆனால் இன்னொரு பாட்டில் போட்டிருப்பாய். கொடுத்தது உன் கை என்று நினைக்காதே. உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

குடிக்க வேண்டும் போல இருக்கிறது. இங்கே கிடைக்காததால் குடிக்கவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

பாபு

மயிலாப்பூர்,
17.11.2024

பாபுவுக்கு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் இரண்டு முறை படித்தார். இருக்கலாம், நீங்கள் சொல்வதுதான் பொருந்துகிறது, ஆனால் இனிமேல் நிரூபிக்க முடியாது என்றார். அன்றே என்ன சாப்பிட்டார் என்று சொல்லியிருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம் என்றார். அவர்கள் அன்று கேட்டார்கள். இட்லி என்று சொன்னேன். தொட்டுக்கொண்டதைச் சொல்லத் தோன்றவில்லை.

உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்று சுலபமாக எழுதிவிட்டாய். பாட்டிலில் கை விட்டவள் நான். காம்பும் தோலும் இல்லாமல் பார்த்து, நசுக்கி, அவர் நாக்கில் வைத்தவள் நான். உன் மேல் எனக்கு வருகிற கோபத்துக்கு என்னிடம் வார்த்தை இல்லை. ஒரு திட்டுக்குப் பயந்தாய். அவர் திட்டினால் என்ன, தினமும்தான் திட்டினார். கேட்டுக்கொண்டு நாம் இரண்டு பேரும் உயிரோடுதானே இருந்தோம்?

சாலட்டை நிறுத்திவிட்டேன். வாங்கிச் சாப்பிட்ட பிள்ளைகள் எல்லாரும் நன்றாக இருக்கிறார்களா என்று நிஷாவை ஒவ்வொரு மேஜையாகப் போய்க் கேட்க வைத்தேன். இருக்கிறார்கள். தி.நகர் கடையில் திரும்பச் சேர்ந்துவிட்டேன்.

டிசம்பர் ஒன்றாம் தேதி உன்னை விடுவதாக மேடம் சொன்னார்கள். அழைத்துப் போக நான் வரமாட்டேன். தனியாக வா. வழியில் எத்தனை கடை இருக்கிறது என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். குடித்துவிட்டு வந்தால் கதவு திறக்காது. குடிக்காமல் வந்தால் திறப்பேன். அதற்குப் பிறகு என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. நைனா உன்னை மன்னித்தாரா என்று கேட்காதே, அவர் சொல்லவில்லை. நான் மன்னித்தேனா என்றும் கேட்காதே.

உனக்காகச் சமைத்து வைத்திருப்பேன் என்று நினைக்காதே. என் கையால் இன்னொருத்தருக்குச் சோறு போட இன்னும் தைரியம் வரவில்லை. பசியோடு வராதே. வழியிலேயே சாப்பிட்டுவிட்டு வா.

அக்கா